ஆறாவது நகல்

3 மார்ச் 2025, திங்கள், காலை 9.42

சங்கிலியில் உள்ள பதிவுகள்: 11,318. அழிக்கப்பட்டவை: 0.

இந்தப் பூஜ்யத்தைத்தான் எங்கள் கம்பெனி விற்கிறது.

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் வேலையைப் பற்றிய சந்தேகங்களை ஆபீஸ் லேப்டாப்பில் எழுதினால் மேலாளர் படிப்பார். காகிதத்தை அவர் தொடவே மாட்டார். அதனால் இந்த நோட்டு.

என்ன செய்கிறோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். வழக்குக்கு வரும் ஆவணம் பத்திரமோ வீடியோவோ, அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணை எங்கள் மென்பொருள் எடுக்கும். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இந்தக் கைரேகைகளை ஒன்றோடொன்று கோத்து பிளாக்செயினில் போடுகிறோம். ஐந்து இடங்களில் ஐந்து கணினிகள்: எங்கள் ஆபீஸ், சட்டக் கல்லூரி, வழக்கறிஞர் சங்க நூலகம், சட்ட உதவி மையம், இளைஞர் நீதிக் குழுமம். ஐந்திலும் ஒரே நகல். ஒருவர் தன் கணினியில் எதையாவது மாற்றினால் மற்ற நான்கும் காட்டிக்கொடுத்துவிடும். யாரையும் நம்ப வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

மாலை 7.10. சட்ட உதவி மையத்து வழக்கறிஞர் ஜெசிந்தா காலையில் வந்திருந்தார். கூடவே இருபது வயதில் ஒரு பையன். பெயர் ■■■■■■■■. பதினாறு வயதில் ■■■■■■■ ■■■■■ ■■■■■■ என்று அவன்மேல் ஒரு வழக்கு. குழுமம் விசாரித்து, ஆறு மாதம் சமூக சேவை செய்யச் சொல்லி, அப்போதே முடித்துவிட்டது. பதினெட்டு வயதுக்குள் நடந்ததன் ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். இளைஞர் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவு. கோப்பைக் கொளுத்திவிட்டார்கள். ஆனால் கொளுத்துவதற்கு முன்பு, பழைய கோப்புகளை ஏற்றும் வேலையில், அது எங்கள் சங்கிலிக்குள் வந்துவிட்டது. பதிவு எண் 7204. அதையும் அழிக்கச் சொல்லி குழுமத்தின் உத்தரவு ஜெசிந்தா கையில் இருந்தது.

முடியாது என்றேன்.

"அப்பம் நீதிபதிகிட்ட போயி, ஆர்டர் நல்லாத்தான் இருக்கு, மிஷின் ஒத்துக்கிட மாட்டேங்குன்னு சொல்லட்டுமா தம்பி?"

அதில் பெயரே இருக்காது, வெறும் எண்தான், யாருக்கும் எதுவும் புரியாது என்று விளக்கினேன். அவர் என் திரையைத் தன் பக்கம் திருப்பி, எங்கள் பொதுத் தேடல் பக்கத்தில் பையனின் பெயரை அடித்தார். முதல் விடையாக வந்தது. பெயர், தகப்பன் பெயர், தெரு, செய்த குற்றம். எல்லாம் தெளிவான தமிழில்.

பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைவாய்ப்பல் வலிக்கிறது.

4 மார்ச், செவ்வாய்

எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு பதிவிலும் "குறிப்பு" என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். 140 எழுத்துகள். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தது. வேறு யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்யவில்லை. அதில் யார் என்ன எழுதப் போகிறார்கள்?

குழும அலுவலகத்தில் எழுத்தர் சண்முகவடிவு எழுதியிருக்கிறார். சண்டை போடத்தான் போனேன். அவர் மேசையைச் சுற்றிலும் கோப்புக் கட்டுகள். ஒவ்வொரு கட்டின் நெற்றியிலும் ஒரு சீட்டு: பெயர், தகப்பன் பெயர், ஊர், என்ன வழக்கு. சீட்டில்லாத கட்டு அந்த ஆபீசில் கிடையாது. அதே சீட்டை எங்கள் கட்டத்திலும் ஒட்டியிருக்கிறார்.

அந்தக் கட்டம் விருப்பப்பட்டால் நிரப்புவதற்கு என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது என்றேன்.

"காலியா விட்டா மேலருந்து மெமோ வரும் சார். நிரப்புனா எவனும் கேக்க மாட்டான். நீங்க என்ன செய்வீங்க?"

நான் அரசு ஊழியன் இல்லை என்று சொன்னேன். சரியான பதில் இல்லை என்று வெளியே வந்த பிறகு தெரிந்தது.

இப்படி நிரப்பிய இளைஞர் பதிவுகள் மொத்தம் 63.

5 மார்ச், புதன்

பல் டாக்டர். வேர் சிகிச்சையாம். மூன்று தடவை வரச் சொல்கிறார். ஒரே தடவையில் முடியாதா என்று கேட்டேன். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம மூடச் சொல்லுதீங்களா?" என்றார்.

6 மார்ச், வியாழன்

மேலாளரிடம் சொன்னேன். அடுத்த மாவட்டத்துக்கு 28ஆம் தேதி செயல்விளக்கம் இருக்கிறது. அவருடைய இரண்டாவது ஸ்லைடில் ஒரே வரி: "யாராலும், எப்போதும், அழிக்க முடியாது." தேடலில் வராமல் மறைத்துவிடு, போதும் என்றார். பத்து நிமிட வேலை. செய்தேன். 63 பெயரையும் மறைத்துவிட்டு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன், பாராட்டுவார் என்று.

"துணி போட்டு மூடுனா பொணம் இல்லன்னு ஆயிருமா?" என்று கேட்டார்.

பிறகுதான் முழு விஷயத்தையும் சொன்னார். பையனுக்குக் கப்பலில் எஞ்சின் அறைப் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது. 20ஆம் தேதி மும்பைக்கு ரயில். ஆளைப் பற்றி விசாரிக்கும் ஏஜென்சி ஒன்று எங்கள் தேடலில் அவன் பெயரைப் பார்த்துவிட்டது. பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டு, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. 17ஆம் தேதிக்குள் விளக்கம் வேண்டும் என்று கடிதம் போட்டிருக்கிறது. அன்றைக்கு எண்ணை வைத்து மறுபடி பார்ப்பார்கள். பதிவு அப்படியே இருந்தால் அறிக்கை கப்பல் கம்பெனிக்குப் போகும். அதோடு வேலை போச்சு.

மாலையில் ■■■■■■■■ ஆபீசுக்கே வந்துவிட்டான். கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு வெந்நீர் மட்டும், பல். அவன் தன்னைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஐந்து கணினியும் ஒரே நேரத்தில் கெட்டால் என்ன ஆகும்? ஒன்று பொய் சொன்னால் மற்றதற்கு எப்படித் தெரியும்? கேள்விகள் நன்றாகவே இருந்தன. எங்கள் புதிய ஆட்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. நானும் உற்சாகமாகி, பில் காகிதத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன்.

நடுவில் கேட்டான். "நீங்க படிச்சீங்களா சார், அதுல உள்ளத?"

சோதனைக்காகப் படிக்க வேண்டியிருந்தது என்றேன்.

"அப்பம் ஆறாவது காப்பி உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். டீக்கு அவனே காசு கொடுத்தான். நான் தடுக்கவில்லை.

7 மார்ச், வெள்ளி

கணக்கு இதுதான். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகையைச் சுமக்கிறது. 7204ஐத் திருத்தினால் 7205 பொருந்தாது. பிறகு 7206. அதற்குப் பின்னால் இருக்கும் நாலாயிரத்துச் சொச்சத்தையும் புதிதாகக் கோக்க வேண்டும். கோத்தால் எல்லாவற்றின் தேதியும் நேரமும் இன்றைக்கு என்று ஆகிவிடும்.

செய்யலாம். ஐந்து கணினிக்காரர்களும் சம்மதித்தால் சங்கிலியை எங்கிருந்து வேண்டுமானாலும் மறுபடி எழுதலாம். இதை எந்த ஸ்லைடிலும் நாங்கள் போட்டதில்லை. "யாராலும் முடியாது" என்பதற்கு அர்த்தம், "இந்த ஐந்து பேரும் ஒத்துக்கொள்ளாத வரை முடியாது" என்பதுதான். இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். இன்றைக்குத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

வழக்கறிஞர் சங்கச் செயலாளர் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அறுபது வயது, உரத்த குரல், எங்கள் திட்டத்தை முதலில் ஆதரித்தவரே அவர்தான். ஒரு வாய்க்கால் ஆக்கிரமிப்பு வழக்கில் அவர் கட்சிக்காரர் எடுத்த வீடியோ, வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, எடுத்த அன்றே சங்கிலியில் ஏறிய கைரேகைதான் அவருக்குக் கை கொடுத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. மறுபடி எழுதுவதைப் பற்றி நான் வாயெடுத்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எந்திச்சு, ஐயா, இந்தச் சங்கிலிய போன வாரம் அவுத்துக் கட்டிருக்காங்க, வீடியோ தேதி எப்படி நம்புறதுன்னு கேப்பான். நான் என்ன வே சொல்லட்டும்? ஒருத்தன் பேர எடுக்கதுக்கு நாலாயிரம் பேர் சாட்சியவா சாய்க்கணும்?"

அவர் சொல்வது சரி. ஜெசிந்தா சொல்வதும் சரி. இந்த மாதிரிச் சிக்கலில் எனக்குப் பழக்கமில்லை. என் உலகத்தில் இரண்டில் ஒன்று பிழையாக இருக்கும்.

8 மார்ச், சனி

துணி துவைத்தேன். தண்ணீர் கேன் வரவில்லை.

10 மார்ச், திங்கள்

சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டி வந்தது, அந்தக் கணினி மெதுவாக இருக்கிறது என்று புகார். போய்ப் பார்த்தால் எரிச்சல் தலைக்கேறியது. தேர்வு மென்பொருளை ஏற்ற இடம் போதவில்லை என்று, பெரிய பெரிய கோப்புகளாகப் பார்த்து யாரோ அழித்திருக்கிறார்கள். எங்கள் சங்கிலியின் மூன்று மாத உள்ளடக்கம் காலி. எப்போது என்று கேட்டால் ஆய்வக உதவியாளர், பொங்கலுக்கு முந்தியா பிந்தியா என்று யோசிக்கிறார்.

கத்திவிட்டு வெளியே வந்து, பைக்கை எடுக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. திரும்ப உள்ளே ஓடினேன்.

பச்சை விளக்கு.

ஐந்து கணினிகளும் சரியாக இருக்கின்றனவா என்று காட்டும் பலகையில், கல்லூரிக் கணினிக்கு இரண்டு மாதமாகப் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதப் பதிவுகள் இல்லை. மற்ற நான்கு கணினிகளும் மூச்சுவிடவில்லை. ஏன்?

11 மார்ச், செவ்வாய்

ஏன் என்று தெரிந்துவிட்டது. காலை உணவை மறந்துவிட்டேன்.

ஒவ்வொரு பதிவும் இரண்டு பகுதி. உள்ளே இருக்கும் விஷயம் ஒன்று. அதன் கைரேகை இன்னொன்று. சங்கிலியாகக் கோத்திருப்பது கைரேகைகளை மட்டும். விஷயம் காணாமல் போனாலும் கைரேகை இருக்கும் வரை கோவை அறாது. 7205, தனக்கு முன்னால் 7204இன் கைரேகை இருக்கிறதா என்றுதான் பார்க்கும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்காது. வட்டில் இடம் மிச்சம் பிடிக்க இரண்டு வருடத்துக்கு முன் நானே அப்படி எழுதியிருக்கிறேன். என் பெயரும் தேதியும் அந்த வரிகளின் மேலேயே இருக்கின்றன.

ஆகவே: 7204இன் உள்ளடக்கத்தை ஐந்து இடத்திலும் அழிக்கலாம். கைரேகை மட்டும் அங்கே காலியாக நிற்கும். கோமதிநாயகத்தின் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தேதியும் மாறாது.

சோதனைக் கணினியில் மூன்று தடவை செய்து பார்த்தேன். நிற்கிறது.

இதில் ஒரே ஒரு ஓட்டை. ஐந்தில் யாராவது ஒருவர் பழைய உள்ளடக்கத்தின் நகல் ஒன்றை ரகசியமாக வைத்திருந்தால், அதே கைரேகையை வைத்து அது உண்மையானதுதான் என்று நிரூபித்துவிடலாம். எங்கள் சங்கிலியே அவருக்குச் சாட்சி சொல்லும். அழித்தேன் என்று ஒருவர் சொன்னால், நம்பத்தான் வேண்டும்.

12 மார்ச், புதன்

மேலாளர் மாட்டேன் என்றார். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். உத்தரவை நிறைவேற்ற மறுப்பவர் பெயரைக் குழுமத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஜெசிந்தா மிக மென்மையாகச் சொன்னார். மேலாளர் சம்மதித்தார். ஸ்லைடை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார்.

எங்கள் ஆபீஸ், சட்ட உதவி மையம், கல்லூரி, குழுமம். மாலைக்குள் நான்கிலும் முடிந்தது. சண்முகவடிவு நான் விசையை அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அழித்த பிறகு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். ஒன்றும் எழுதாதீர்கள் என்றேன். அதை எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்தேன்.

பல்லுக்கு இரண்டாவது தடவை. உள்ளே தெரிகிறதாம்.

14 மார்ச், வெள்ளி

கோமதிநாயகம் இன்றைக்குத்தான் நேரம் கொடுத்தார். சங்க நூலகம். அவர் வீடியோவின் கைரேகையை முதலில் எடுத்துக் காட்டினேன். பிறகு 7204ஐ அழித்தேன். மறுபடி அவருடையதைக் காட்டினேன். அதே எண், அதே தேதி. நான்கு தடவை காட்டச் சொன்னார். திருப்தி.

"இப்பம் ஒண்ணு கேக்கேன். நான் அழிச்சுட்டேன்னு நீரு எத வச்சு நம்புவீரு?"

நம்பத்தான் வேண்டும் என்றேன்.

"நம்பவே வேண்டாம்னு சொல்லித்தான வே இந்தப் பொட்டிய எங்க தலையில கட்டுனீரு?" ஆள் குலுங்கிச் சிரித்தார். எழுந்து, "வாரும்" என்று பின்பக்க அலமாரிக்குக் கூட்டிப்போனார்.

அலமாரியில் தடித்தடியாக இருபத்து மூன்று தொகுதிகள். கறுப்பு காலிகோ பைண்டிங், முதுகில் தங்க எழுத்து. சங்கிலியில் ஏறும் பதிவுகளை மாதாமாதம் ப்ரிண்ட் எடுத்து, பக்க எண் போட்டு, சங்கத்தின் வட்ட முத்திரை குத்தி, பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். பொதுக்குழுத் தீர்மானமாம். கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டாராம்.

பிளாக்செயினை பைண்டு பண்ணியிருக்கிறார்கள்.

பதினான்காம் தொகுதி, பக்கம் 212. பையனின் பெயர் அழகான எழுத்துருவில் இருந்தது. பக்கத்தைக் கிழிக்கலாம் என்றேன். முத்திரை போட்ட தொகுதி, பக்க எண் இடறினால் மொத்தத் தொகுதியும் சந்தேகமாகிவிடும் என்றார். மை போட்டு அடிப்பதுதான் வழி. யார் அடித்தது என்று ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் வேண்டும். கறுப்பு மார்க்கரை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே அடிச்சிருங்களேன்" என்றேன்.

"அந்தக் கட்டம் வச்சது யாரு? நானா?"

அடித்தேன். பெயர், தகப்பன் பெயர், தெரு, குற்றம். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். லேசாகத் தெரிந்தது. மறுபக்கத்தில் அந்த இடத்தில் எழுத்து ஒன்றும் இல்லை, அங்கேயும் அடித்தேன். மறுபடி காட்டினார். தெரியவில்லை.

மற்ற 62 பெயரையும் இப்போதே அடித்துவிடலாமே என்று பக்கம் புரட்டினேன். தொகுதியை மெல்ல மூடிவிட்டார். உத்தரவு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. மிச்சத்துக்கு ஜெசிந்தா தனித்தனியாக மனு போட வேண்டும்.

பொறுமையில்லாமல் வெளியே வந்தேன். ஆனால் அவர் உத்தரவில்லாமல் அடிக்க விட்டிருந்தால், உத்தரவில்லாமல் வேறு எதையும் அடிக்க விடுவார் என்றுதானே அர்த்தம்? பாதி வழியில் வண்டியை நிறுத்தி இதை யோசித்தேன்.

17 மார்ச், திங்கள்

மதியம் ஏஜென்சி எண்ணை வைத்துத் தேடியது. ஐந்து கணினிகளும் ஒரே பதிலைச் சொன்னதை எங்கள் பலகையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கைரேகை உண்டு. உள்ளடக்கம் இல்லை.

ஜெசிந்தா குழும உத்தரவை இணைத்து ஏஜென்சிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். அவர் போனில் கேட்டபோது, "பாதகமான பதிவு இல்லை" என்று அறிக்கை போய்விட்டது என்றார்கள். முன்பு எடுத்து வைத்த ஸ்க்ரீன்ஷாட்? அழித்துவிட்டோம் என்றார்கள்.

எதை வைத்து நம்புவது என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"நம்புறதுதான் சாப்பாட்டுக்கு உப்பு தம்பி. கொஞ்சம் இல்லாம இறங்காது" என்றார் ஜெசிந்தா.

20 மார்ச், வியாழன்

ரயில் நிலையத்தில் ஒரு பார்சல் வேலை இருந்தது. அந்த நேரத்தில்தான் மும்பை ரயிலும். ■■■■■■■■ இரண்டாம் வகுப்புப் பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா பிளாட்பாரத்தில், கையில் ஒரு பொட்டலம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சார் என்று அறிமுகம் செய்தான். எதற்காக என்று அவரும் கேட்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்தார். பல் வலியோடு தின்றேன்.

வண்டி நகரும்போது குனிந்து கேட்டான்.

"ஆறாவது காப்பி என்னாச்சு சார்?"

வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

பார்சல் ஆபீஸ் பூட்டியிருந்தது.

21 மார்ச், வெள்ளி, காலை 8.15

பதிவுகள்: 11,402. அழிக்கப்பட்டவை: 1.

நேற்று இரவு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஐந்து கணினியில் இல்லாதது, பதினான்காம் தொகுதியில் இல்லாதது, எல்லாம் இதில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே. என் கையெழுத்தில்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. குறிப்புக் கட்டத்தை மென்பொருளிலிருந்து எடுப்பது. இன்றைக்கே. யார் சம்மதமும் கேட்கப் போவதில்லை.

2. மிச்சம் 62 பேர். திங்கள்கிழமை ஜெசிந்தாவுடன் உட்கார்ந்து மனுக்களைத் தட்டச்சு செய்வது. என் வேகத்துக்கு இரண்டு நாள். கோர்ட்டின் வேகத்துக்கு எத்தனை என்று கேட்கப் போவதில்லை.

3. மேலாளரின் இரண்டாவது ஸ்லைடை நானே மாற்றுவது: "மாற்றினால் தெரியும்." கத்துவார். கத்தட்டும்.

4. பல், மூன்றாவது தடவை, மாலை ஐந்து மணி.

5. போகிற வழியில் கறுப்பு மார்க்கர் வாங்குவது. இந்த நோட்டில் அவன் பெயர் வரும் இடங்களையும், அவன் செய்ததை நான் எழுதிய அரை வரியையும் அடிப்பது. இரண்டு பக்கமும். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது.